அருகில் வாழும் பறவைகளையும் உயிரினங்களையும் பார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு என்று தெரிந்ததும், எந்தெந்தச் சரணாலயங்களுக்குப் போயிருக்கிறேன் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பகுதியை வீட்டு மாடியிலும், அங்கிருந்து பத்து நிமிட நடையில் உள்ள ஒரு குளக்கரையிலுமே பார்த்தேன் என்று சொன்னால், அதன்பின் வரும் கேள்விகள் ஏறத்தாழ ஒரே மாதிரியாக இருக்கின்றன. அவற்றையும் நான் வழக்கமாகச் சொல்லும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பெரிய காடுகளை விட்டுவிட்டு வீட்டருகே பார்ப்பதில் அப்படி என்ன கிடைத்துவிடும்?

திரும்பத் திரும்பப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கும். இதற்கு ஈடாக எந்தப் பயணமும் எதையும் தந்துவிட முடியாது என்பது என் உறுதியான கருத்து. தொலைவிலுள்ள காட்டுக்கு இரண்டு நாள் போய்வரும்போது, ஒரு பறவை அங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறோம். அது எப்போது கூடு கட்டுகிறது, எதைக் கண்டு அஞ்சுகிறது, எந்தக் கிளையில் இரவைக் கழிக்கிறது, அதன் குஞ்சுகள் எத்தனை நாளில் பறக்கின்றன என்பவற்றையெல்லாம் தெரிந்துகொள்ள இரண்டு நாள் போதாது. அதே இடத்துக்கு ஆண்டில் இருநூறு முறை போகிறவருக்கு மட்டுமே அவை தெரியவரும். அப்படிப் போகக்கூடிய இடம் நம்மில் பெரும்பாலோருக்கு வீட்டருகேதான் இருக்கிறது.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வாழ்ந்த ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளர், 1972 முதல் 2001 வரை முப்பது ஆண்டுகள் தம்முடைய வீட்டுத் தோட்டத்தில் இருந்த உயிரினங்களைக் கணக்கெடுத்தார். காட்டையொட்டிய பண்ணைத் தோட்டம் அல்ல அது. நகரத்துத் தெரு ஒன்றில் மற்ற வீடுகளோடு சேர்ந்து நின்ற சாதாரண வீட்டின் தோட்டந்தான். அங்கே அவர் பதிவு செய்த உயிரினங்களின் எண்ணிக்கை 2,673. அவற்றில் ஏறத்தாழ இரண்டாயிரம் பூச்சியினங்கள். அறிவியல் உலகம் அதுவரை அறிந்திராத ஒட்டுண்ணிக் குளவிகளும் அவற்றில் இருந்தன. அந்தத் தோட்டத்தின் வேலிக்கு அப்பால் நடந்து சென்றவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். முப்பது ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் தெருவில் காகம், புறா, மைனா மட்டுமே இருக்கின்றன. அவற்றில் பார்க்க என்ன இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். காகத்தை மட்டுமே ஓராண்டு பார்த்தாலும் போதும் என்று சொல்வேன்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், 2006-ஆம் ஆண்டில் ஒரு குறிப்பிட்ட முகமூடியை அணிந்துகொண்டு சில காகங்களைப் பிடித்து, காலில் வளையமிட்டு விடுவித்தார்கள். அதன்பின் அந்த முகமூடியை அணிந்து யார் நடந்தாலும் காகங்கள் கூடிக் கரைந்தன. வேறு முகமூடி அணிந்தவர்களைக் கண்டுகொள்ளவில்லை. ஆண்டுகள் கடந்தபோது, பிடிபடாத காகங்களும் அந்த முகத்தைக் கண்டு கரையத் தொடங்கியிருந்தன. ஒரு காகம் பட்ட துன்பத்தை அதன் கூட்டமும் குஞ்சுகளும் கற்றுக்கொண்டுவிட்டன. அந்த ஆய்வு அமெரிக்கக் காகத்தைப் பற்றியது என்றாலும், அதைப் படித்த பிறகு என் மாடிச் சுவரில் வந்து அமரும் காகத்தை நான் பார்த்த விதமே மாறிவிட்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

காகம் இருந்தால் பெரும்பாலும் குயிலும் இருக்கும். ஏனென்றால் குயில் காகத்தின் கூட்டில்தான் முட்டையிடுகிறது. சிவந்த கண்களும் கரிய உடலும் கொண்டு "கூ... கூ..." என்று குரலை ஏற்றிக்கொண்டே போவது ஆண்குயில். பெண்குயில் பழுப்பு நிற உடலில் வெண்புள்ளிகள் நிறைந்து, முற்றிலும் வேறொரு பறவைபோலத் தோன்றும்; அது "கிக்-கிக்-கிக்" என்று விரைவாகக் கத்தும். பல ஆண்டுகள் குயிலின் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களிலும் பெண்குயிலைக் கண்டவர்கள் குறைவு. அடுத்த கோடையில் தெருவிலுள்ள காகக்கூட்டைக் கவனித்துப் பாருங்கள். காகம் தன்னுடைய நிறத்தில் இல்லாத ஒரு குஞ்சுக்கு இரை ஊட்டுவதை நீங்களும் காணக்கூடும்.

வயலோரத்திலும் குட்டையோரத்திலும் அசையாமல் நிற்கும் மடையான் என்ற கொக்கு இன்னோர் எடுத்துக்காட்டு. மண் நிறத்தில் கோடுகள் விழுந்த அதன் உடல் சேற்றோடு சேர்ந்துவிடுவதால், நாலடி தொலைவில் நின்றாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது. அதைக் குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். அது எழுந்து பறக்கும் கணத்தில் பளீரென்று வெண்மையான சிறகுகள் விரியும். "மண்ணிலிருந்து வெள்ளைப் பறவை ஒன்று முளைத்தது" என்று ஒரு சிறுமி என்னிடம் சொன்னாள். அதைவிடச் சரியாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

எப்படித் தொடங்குவது?

ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே இருபது நிமிடம் உட்காருங்கள். மாடி, சன்னல், பூங்காவின் மர நிழல், குளத்துப் படிக்கட்டு என்று எதுவாக இருந்தாலும் சரி. அந்த இடத்துக்கு நாள்தோறும் போக முடிய வேண்டும் என்பது ஒன்றுதான் கட்டாயம். போக்குவரத்துக்கே அரைமணி நேரம் பிடிக்கும் அழகான ஏரியைவிட, பல் துலக்கியபடியே போய் நிற்கக்கூடிய மாடிதான் மேலானது.

முதல் ஐந்து நிமிடங்களில் ஒன்றும் நடக்காது. நாம் வந்ததால் கலைந்துபோன உயிரினங்கள் மீண்டும் தத்தம் வேலைக்குத் திரும்ப அவ்வளவு நேரம் ஆகும். பலர் அந்த ஐந்து நிமிடத்திலேயே சலித்து எழுந்துவிடுகிறார்கள். பத்தாவது நிமிடத்துக்கு மேல்தான் அணில் மரத்திலிருந்து இறங்கும், தவிட்டுக்குருவிகள் சருகைப் புரட்டத் தொடங்கும், சுவரின் வெடிப்பிலிருந்து அரணை தலையை நீட்டும். கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு உட்காருவது நல்லது.

எந்த நேரம் ஏற்றது?

விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரமும், மாலையில் வெயில் தாழ்ந்த பின் இருட்டும் வரையுமே சிறந்தவை. நண்பகலில் பெரும்பாலான பறவைகள் நிழலில் ஒதுங்கிவிடும் என்றாலும், வெப்பக்காற்றில் வட்டமிடும் பருந்துகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் தட்டான்களையும் பார்க்க அந்த நேரமே பொருத்தமானது.

பைனாகுலர் கட்டாயம் தேவையா?

முதல் மூன்று மாதங்களுக்குத் தேவையில்லை. வெறுங்கண்ணால் பார்க்கப் பழகினால், பறவையின் அசைவும் அது பறக்கும் விதமும் மனத்தில் பதியும். தொடக்கத்திலேயே பைனாகுலரைக் கையில் எடுப்பவர்கள் நிறத்தை மட்டும் தேடிக்கொண்டிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வாங்குவதென்று முடிவு செய்தால், அதன்மேல் எழுதப்பட்டிருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். 8×42 என்றிருந்தால், பொருளை எட்டு மடங்கு அருகில் காட்டும் என்றும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்றும் பொருள். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42 என்பதில் அது ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இந்த அளவு பெரிதாக இருந்தால் மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளிவாக இருக்கும். "எவ்வளவு மடங்கு அதிகமோ அவ்வளவு நல்லது" என்று எண்ணிப் பன்னிரண்டு மடங்கு, பதினாறு மடங்கு என்று வாங்குபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கை நடுக்கமும் அதே மடங்கில் பெருகும், கண்ணுக்குத் தெரியும் பரப்பும் குறைந்துவிடும். வீட்டருகே பார்க்க எட்டு மடங்கு தாராளமாகப் போதும். கண்ணாடி அணிபவர்கள், கண் வைக்கும் பகுதியில் உள்ள வளையத்தை உள்ளே திருகிவிட்டுப் பார்க்க வேண்டும்.

பறவை எது என்று எப்படி அடையாளம் காண்பது?

நிறத்தில் தொடங்காதீர்கள். வெளிச்சம் மாறினால் நிறமும் மாறும். ஊதாத் தேன்சிட்டின் ஆண் வெயிலில் நீலமாக மின்னும், நிழலில் கருப்பாகத் தெரியும். இனப்பெருக்கக் காலம் முடிந்த பின் அந்தப் பளபளப்பையே இழந்து, தொண்டையில் ஒரு கருங்கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு பெண்ணைப்போல மாறிவிடும்.

முதலில் அளவைப் பாருங்கள். சிட்டுக்குருவி, மைனா, காகம் ஆகிய மூன்றையும் அளவுகோல்களாக வைத்துக்கொண்டு, புதிதாகக் காணும் பறவை மைனாவைவிடச் சிறியதா, காகத்தைவிடப் பெரியதா என்று மனத்துக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது அலகு. தடித்துக் குட்டையாக இருந்தால் விதை தின்பது. மெலிந்து வளைந்திருந்தால் தேன் குடிப்பது. கொக்கிபோல் இருந்தால் இறைச்சி கிழிப்பது. நீண்டு நேராக நீருக்கருகே இருந்தால் மீனையோ சேற்றுப் புழுவையோ தேடுவது. அதன்பின் வால். கரிச்சானின் வால் இரண்டாகப் பிளந்திருக்கும். வாலாட்டிக்குருவி நடக்கும்போதெல்லாம் வாலை மேலும் கீழும் ஆட்டும். தையல்சிட்டு வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொள்ளும்.

இந்த மூன்றோடு, அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மின்கம்பியில் தனியாக அமர்ந்து, பறந்து போய்ப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும் கரிய பறவை என்று சொன்னாலே, நிறத்தைப் பற்றி வேறொன்றும் கேட்காமல் கரிச்சான் என்று சொல்லிவிடலாம். தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தையும் காகத்தையும் துரத்தியடிக்கும் துணிவு அதற்கு உண்டு. அதனால், புறா, மாங்குயில் போன்ற சாதுவான பறவைகள் கரிச்சான் இருக்கும் மரத்திலேயே கூடு கட்டிப் பாதுகாப்புத் தேடிக்கொள்கின்றன. பெயரைக் கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு இந்த அயலுறவு தெரியாமல் போய்விடும்.

கார்னெல் பறவையியல் ஆய்வகம் உருவாக்கிய மெர்லின் என்ற இலவசச் செயலி, படத்தையோ குரலையோ கொடுத்தால் பெயரை ஊகித்துச் சொல்கிறது. பயனுள்ள துணைதான். ஆனால் அது சொன்னதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யாமல் குறித்துக்கொள்ள வேண்டாம்; மற்றப் பறவைகளின் குரலைப் போலச் செய்யும் பறவைகளும் உண்டு.

குரலை வைத்துப் பழகுவது கடினமாக இருக்கிறதே?

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பழக முயன்றால் கடினம்தான். மாதத்துக்கு இரண்டு குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணெதிரே ஒரு பறவை வாயைத் திறந்து கத்துவதை ஒருமுறை பார்த்துவிட்டால், அந்தக் குரல் பிறகு மறப்பதில்லை. ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகியதுதான் மறந்துபோகிறது.

விடியற்காலையில் பறவைகள் ஏன் அவ்வளவு ஓங்கிப் பாடுகின்றன என்பதற்கு ஆய்வாளர்கள் பல காரணங்களைச் சொல்கிறார்கள். அந்நேரத்தில் காற்று அடங்கியிருப்பதால் குரல் தெளிவாகச் சென்று சேரும். இரை தேடும் அளவுக்கு வெளிச்சம் வந்திருக்காது. இரவைத் தாண்டி உயிரோடும் வலுவோடும் இருக்கிறேன், இந்த இடம் இன்னும் என்னுடையதுதான் என்று அண்டையிலிருப்பவற்றுக்கு அறிவிக்கவும் வேண்டும். பாட்டு மட்டுமல்ல, எச்சரிக்கைக் குரலையும் பழகிக்கொள்ளுங்கள். தவிட்டுக்குருவிகளும் அணில்களும் ஒன்றுசேர்ந்து ஓயாமல் கத்தினால், அந்தப் புதரில் பாம்போ பூனையோ வல்லூறோ இருக்கிறது. நான் பார்த்த ஆந்தைகளில் பாதியைக் காகங்களும் சின்னான்களுமே எனக்குக் காட்டிக்கொடுத்தன.

இரையும் தண்ணீரும் வைக்கலாமா?

தண்ணீர் வையுங்கள், அதைப்பற்றி எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அகன்ற மண்தட்டு நல்லது. விளிம்பில் இரண்டு சென்டிமீட்டரும் நடுவில் ஐந்து சென்டிமீட்டரும் ஆழம் இருந்தால் சிறிய பறவைகளும் அஞ்சாமல் இறங்கிக் குளிக்கும். உள்ளே ஒரு சொரசொரப்பான கல்லைப் போட்டுவைத்தால், தேனீக்கள் மூழ்காமல் நீர் குடிக்கலாம். நாள்தோறும் நீரை மாற்றித் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் கொசு பெருகும், நோயும் பரவும். பூனை ஒளிந்திருந்து பாயக்கூடிய புதருக்கு அருகில் வைக்காதீர்கள்.

இரை வைப்பதில் நான் தயங்குவேன். பல பறவைகள் ஓரிடத்தில் நெருங்கி உண்ணும்போது நோய் எளிதாகத் தொற்றும். பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டு முதல் ட்ரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணி தோட்டத்து இரைத்தட்டுகளின் வழியாகவும் பரவி, பச்சைப் பிஞ்ச் என்ற சிட்டினத்தின் எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்துவிட்டது. அங்கே இரை வைத்தவர்கள் அனைவரும் அன்பினால்தான் வைத்தார்கள். இரைத்தட்டுக்குச் செலவிடும் அக்கறையை ஒரு செடிக்குச் செலவிட்டால், அது பூவாகவும் பழமாகவும் புழுவாகவும் ஆண்டு முழுதும் உணவைத் தரும். தானியம் தின்னும் பறவைகளும் தங்கள் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் புழு பூச்சிகளையே ஊட்டுகின்றன. ஆகையால், பூச்சிமருந்து தெளிப்பதை நிறுத்துவதே நல்ல விருந்தோம்பல்.

வீட்டில் பெரிய கண்ணாடிச் சன்னல்கள் இருந்தால் இன்னொன்றையும் செய்ய வேண்டும். கண்ணாடியில் தெரியும் வானத்தை உண்மை என்று எண்ணிப் பறவைகள் மோதி இறக்கின்றன. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளையோ கோடுகளையோ ஒட்டிவிட்டால் அதைத் தவிர்க்கலாம். நடுவில் ஒரே ஒரு பருந்துப் படத்தை ஒட்டுவதால் பயன் இல்லை.

வீட்டிலேயே கூடு கட்டிவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்ய வேண்டாம். தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருங்கள், அது போதும்.

எங்கள் மாடியில் தொட்டியில் நின்ற அகன்ற இலைச்செடி ஒன்றில் ஒருமுறை தையல்சிட்டு கூடு கட்டியது. கட்டைவிரலளவு உடலும் வாலுமாக இருந்த அந்தப் பெண்சிட்டு, முதல் நாள் முழுதும் இலைகளைச் சோதித்துக்கொண்டிருந்தது. ஓர் இலையின் விளிம்பை அலகால் கவ்வி வளைத்துப் பார்த்து, விட்டுவிட்டு, அடுத்ததற்குப் போகும். மூன்றாவது இலையைத் தேர்ந்தெடுத்ததும், ஓரத்தில் ஊசிமுனை அளவில் ஒரு துளையிட்டு, எங்கிருந்தோ கொண்டுவந்த பஞ்சிழையை அதில் செலுத்தி, எதிர் ஓரத்துத் துளை வழியாக இழுத்தது. துளைக்கு வெளியே பஞ்சு உப்பிப் பிடித்துக்கொண்டதால், முடிச்சில்லாமலேயே இழை நின்றது. சிலந்தி நூலும் சில இடங்களில் தெரிந்தது. இரண்டு நாளில் இலை ஒரு பையாக மாறியது. இலை பசுமையாகவே இருந்ததால், கூடு இருப்பது தெரிந்தவர்களுக்கும் அதைக் கண்டுபிடிப்பது சிரமமாக இருந்தது.

ஏறத்தாழப் பன்னிரண்டு நாள் அடைகாத்த பின் குஞ்சுகள் வெளிவந்தன. அடுத்த இரண்டு வாரமும் தாயும் தந்தையும் பச்சைப் புழுக்களைச் சுமந்தபடி வந்துபோயின. செடிக்கு நீர் ஊற்றுவதைக்கூட அவை இரை தேடப் போன நேரமாகப் பார்த்து, ஒரு நிமிடத்துக்குள் முடித்தோம். இலையை விலக்கிப் பார்ப்பது, படமெடுக்க மறைப்பை வெட்டுவது, விருந்தினருக்குக் காட்டுவது ஆகியவற்றில் எதையும் செய்யாதீர்கள். நாம் அடிக்கடி போகும் இடத்தைக் காகம் கவனித்துக்கொண்டிருக்கும். பறக்கத் தெரியாமல் தரையில் தத்தும் இளங்குஞ்சைக் கண்டாலும், பெரும்பாலும் பெற்றோர் அருகிலேயே இருக்கும். ஆபத்தான இடமென்றால் அருகிலுள்ள புதரில் எடுத்து வைத்துவிட்டு விலகிவிடலாம். மனிதன் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற நம்பிக்கையில் உண்மை இல்லை.

பறவைகளைத் தவிர வேறென்ன பார்க்கலாம்?

சுவரில் சிறிய, மயிரடர்ந்த, வலை பின்னாத சிலந்தி ஒன்று தத்தித்தத்திப் போவதைப் பார்த்திருப்பீர்கள். தாவும் சிலந்தி என்று அதற்குப் பெயர். ஒரு விரலை மெதுவாக அதன் பக்கவாட்டில் நீட்டிப் பாருங்கள். உடலைத் திருப்பி உங்களை நேராகப் பார்க்கும். எட்டுக் கண்களில் முன்னால் உள்ள பெரிய இரண்டும் கூர்மையானவை, மற்றவை பக்கவாட்டில் அசைவைக் காண்பவை. தாவுவதற்கு முன் நின்ற இடத்தில் ஒரு நூலை ஒட்டிவிட்டுத்தான் தாவும். குறி தவறினால் அந்த நூலில் தொங்கி மீண்டும் ஏறிக்கொள்ளும்.

இரவிலும் பார்க்க நிறைய இருக்கிறது. விளக்கருகே வரும் பல்லியின் விரல்களுக்கு அடியில் நுண்மயிர்கள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்கும் சுவருக்கும் இடையே அணுக்களின் அளவில் செயல்படும் வான்டெர்வால்ஸ் என்ற கவர்ச்சி விசையே அதைக் கூரையிலும் நிற்கவைக்கிறது; பசையோ உறிஞ்சும் குழியோ அங்கே இல்லை. அதன் கண்ணுக்கு இமை கிடையாது, நாக்கால்தான் துடைத்துக்கொள்ளும். தெருவிளக்கைச் சுற்றும் சிறு வௌவால்கள் நம் காதுக்கு எட்டாத குரலை எழுப்பி, அதன் எதிரொலியால் பூச்சியைக் கண்டுபிடிக்கின்றன. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவிளக்கடியில் நிற்கும் பத்து நிமிடத்தில்கூட இதையெல்லாம் பார்த்துவிடலாம்.

படமெடுக்கலாமா? குரல் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கலாமா?

படம் எடுங்கள், கூட்டை மட்டும் எடுக்காதீர்கள். குரல் பதிவை ஒலிக்கவிட வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணி, இல்லாத ஒன்றைத் தேடிப் பறவை தன் நேரத்தையும் வலுவையும் இழக்கிறது.

பார்த்ததை எழுதிவைப்பது அவசியமா?

அவசியம் என்றே சொல்வேன். நினைவு நம்மை ஏமாற்றும். தேதி, நேரம், இடம், எத்தனை, என்ன செய்தது என்று ஐந்து விவரங்களை ஒரு வரியில் எழுதினால் போதும்.

பறவையியலாளர் சாலிம் அலி தூக்கணாங்குருவியைப் பற்றி 1930-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, மும்பைக்கு அருகே கடலோரக் கிராமமான கிஹிமில் அவர் தங்கியிருந்தபோது அருகிலிருந்த கூடுகளை நாள்தோறும் பார்த்து எழுதிய குறிப்புகளிலிருந்து பிறந்தது. ஆண்பறவை பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்திவிடும். பெண்பறவை வந்து சோதித்து ஏற்றுக்கொண்டால்தான் மீதியை முடிக்கும். அது முட்டையிட்டதும், ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு துணையைத் தேடும் என்று அவர் கண்டறிந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில், மார்கரெட் மோர்ஸ் நைஸ் என்ற பெண்மணி, தம் வீட்டருகே ஆற்றோரத்தில் வாழ்ந்த சிட்டினம் ஒன்றின் கால்களில் வண்ண வளையங்களை இட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் கண்டு பின்தொடரத் தொடங்கினார். சம்பளமோ பதவியோ இல்லாமல், குடும்பத்தைக் கவனித்துக்கொண்டே பல ஆண்டுகள் அவர் எழுதிய குறிப்புகள், பறவைகளின் நடத்தையை உலகம் ஆராயும் முறையையே மாற்றின.

2002-இல் தொடங்கப்பட்ட இபேர்ட் தளத்தில் உங்கள் பட்டியலைச் சேர்க்கலாம். உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். பூச்சிக்கும் செடிக்கும் ஐநேச்சுரலிஸ்ட் இருக்கிறது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாள் நடக்கும் 'கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட்' என்ற கணக்கெடுப்பில், பதினைந்து நிமிடம் வீட்டு மாடியிலிருந்து எண்ணினாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். யாரும் எண்ணாத தெருக்களின் கணக்கே அதிகம் தேவைப்படுகிறது. இன்று ஐம்பது சிட்டுக்குருவிகள் இருந்தன என்று எழுதிவைத்தவரால்தான், பத்தாண்டு கழித்து அவை குறைந்தனவா என்று சொல்ல முடியும்.

குழந்தைகளுக்கு ஆர்வத்தை எப்படி ஏற்படுத்துவது?

பெயர்களை மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். "அது என்ன செய்கிறது, சொல்" என்று மட்டும் கேளுங்கள். எறும்புப் புற்றருகே ஒரு மணி நேரம் உட்கார விரும்பினால், உட்கார விடுங்கள். மயிலைப் பார்க்க வாவென்று இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

வலசைப் பறவைகளைப் பார்க்கவாவது தொலைவுக்குப் போகத்தானே வேண்டும்?

வலசைப் பறவைகள்தான் நம்மைத் தேடி வந்துகொண்டிருக்கின்றனவே! 2022-ஆம் ஆண்டில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஓர் இளம் பட்டைவால் மூக்கன், அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மானியா வரை 13,560 கிலோமீட்டரை, எங்கும் இறங்காமல் பதினொரு நாளில் பறந்து கடந்தது. பிறந்து சில மாதங்களே ஆன பறவை அது. உணவின்றி, உறங்க நிலமின்றி அது வந்து சேர்ந்த சேற்றுக்கரைக்கு அருகே குடியிருப்பவர் செய்ய வேண்டியதெல்லாம், காலையில் எழுந்து வெளியே வந்து பார்ப்பதுதான். மழைக்காலத்தில் கூட்டமாகத் தாழப் பறக்கும் மஞ்சள் தட்டான்களும் கடல் கடக்கும் பயணிகளே.

தொலைதூரப் பயணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் எப்போதாவது போகிறேன். வீட்டருகே பழகிய கண்ணும் காதும் அங்கேயும் உதவுகின்றன. ஆனால் விமானமும் வாகனமுமாக ஆண்டுதோறும் நான்கு பயணம் போய், பட்டியலில் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு, தம் வாசலில் நின்ற மரத்தில் என்ன பறவை கூடு கட்டியது என்று தெரியாமலே இருந்துவிடுபவர்களைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

குளிர்காலத்தில் எங்கள் மாடிக்குச் சாம்பல் வாலாட்டி ஒன்று வருகிறது. வலசைப் பறவைகளில் பல, ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்புவதால், அதே பறவையாகவும் இருக்கலாம். காலில் வளையம் இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியாது. கடந்த நான்கு ஆண்டுகளில் அது முதன்முதலாகத் தென்பட்ட தேதிகள் என் குறிப்பேட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. நான்கும் ஒரே பத்து நாள் இடைவெளிக்குள் அமைந்திருக்கின்றன. அந்தப் பத்து நாளிலும் தண்ணீர்த் தட்டை இருட்டு பிரிவதற்கு முன்பே கழுவி நிரப்பிவிடுகிறேன்.